பிரேக்கில் இருந்தவளின் கட்டில்

ஸ்ரீபெரும்புதூரில் நான் இறங்கியது ஒரு வியாழக்கிழமை காலை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒரு மின்னஞ்சலுக்கு நான் பதில் அனுப்பியாக வேண்டும். சேருகிறேன் அல்லது சேரவில்லை, இரண்டில் ஒன்று.

ஒரகடத்தில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கேஜ் அறைக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அளக்கும் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று அளந்து பார்க்கிற வேலை. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் ஐந்து வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அங்கே நான் நிரந்தரம். ஆனால் எனக்கு மேலே இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் இருந்தவருக்கு நாற்பது வயது, நல்ல உடம்பு, எங்கேயும் போகிற எண்ணம் இல்லை. ஒரகடத்தில் இருந்த அளவு இயந்திரங்களை நான் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். போக ஆசை இருந்தது. போனால் கோயம்புத்தூரில் என் இடத்தில் அடுத்த வாரமே வேறொருவர் உட்கார்ந்துவிடுவார் என்பதும் தெரிந்திருந்தது.

அதனால்தான் மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊரைப் பார்க்க வந்தேன். போனில் பேசிய எச்.ஆர். பெண் "எல்லாமே நல்லா இருக்கும் மேடம்" என்று நான்கு முறை சொல்லியிருந்தார். ஒருமுறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். இடப்பக்கம் 'சொன்னது'. வலப்பக்கம் 'பார்த்தது'. வலப்பக்கம் முழுக்கக் காலியாக இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் ஒரு தாளில் ஷிப்டும் ரூட் எண்ணும். ஏறிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நிறச் சட்டை போட்டிருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் கயிறு மட்டும் இரண்டு நிறம். சிலருக்கு நீலம், பலருக்குச் சிவப்பு. அதைக் குறித்துக்கொண்டேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில் கேள்விக்குறி போட்டேன்.

பக்கத்து மின்கம்பத்தில் 'ஆட்கள் தேவை' நோட்டீஸ்கள். உடனடி வேலை, தங்குமிடம், சாப்பாடு. ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி ஒட்டி, காகிதமே ஒரு விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. ஓர் ஊருக்குத் தினமும் இத்தனை ஆட்கள் தேவைப்பட்டால் நேற்று வந்த ஆட்கள் எங்கே போனார்கள் என்று நினைத்தேன். அதையும் எழுதிக்கொண்டேன். டீக்கடைக்காரர் என் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கணக்கெடுப்பா?"

"இல்லைங்க. ஊர் பாக்க வந்தனுங்க."

"பெரும்புதூர பாக்கவா? கோயிலு அந்தப் பக்கம் கீது. மத்ததெல்லாம் கம்பெனிதான். கம்பெனிய காம்பவுண்டுக்கு வெளிய நின்னுதான் பாக்கணும்."

எச்.ஆர். பெண் கொடுத்திருந்த ஹாஸ்டல் முகவரிக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். ஒரகடம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெரு. கீழே டயர் கடை, மேலே மூன்று மாடி. ஹாஸ்டலை நடத்துகிற அம்மா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலே என் பையை, செருப்பை, நோட்டை, அந்த வரிசையில் பார்த்தார். பிறகு "வா" என்று எழுந்தார். எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாதவளை வாங்க என்றுதான் கூப்பிடுவார்கள். வலப்பக்கத்தில் முதல் குறிப்பு அதுதான்.

இரண்டாவது மாடி அறையில் ஆறு கட்டில்கள். எல்லோரும் காலை ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். ஜன்னலை ஒட்டிய கட்டிலைக் காட்டி, "இதான். நல்ல காத்து வரும்" என்றார். நான் முதலில் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, பையிலிருந்து பேனா மாதிரி இருக்கும் உப்பு அளக்கும் கருவியை எடுத்துத் தண்ணீரில் விட்டேன்.

"இன்னாமே அது? தண்ணிக்கு ஜொரம் பாக்குறியா?"

"உப்பு எவ்வளவுன்னு பாக்கறனுங்க."

"உப்பு இல்லாத தண்ணி வேணும்னா கேன் வாங்கிக்கோ. இங்க அத்தினி பொண்ணுங்களும் இதுலதான் குளிச்சிகினு வேலைக்குப் போதுங்க. ஒண்ணுத்துக்கும் முடி கொட்டல."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மின்விசிறிக் காற்றில் ஒரு முடிச் சுருள் தரையில் உருண்டு எங்கள் இருவருக்கும் நடுவே வந்து நின்றது. அவர் அதைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு லாக்கர். அதில் பூட்டு தொங்கியது. யாருடைய பூட்டு என்று கேட்டேன்.

"பழைய பூட்டு. சாவி எங்கியோ தொலஞ்சிபூட்ச்சி. உடைச்சிக் குடுக்குறேன்."

"முன்னாடி இருந்த பொண்ணு காலி பண்ணிடுச்சுங்களா?"

"அது பிரேக்ல கீது. அத்தப் பத்தி உனக்கு இன்னா? பெட்டு காலியா கீது. வேணும்னா சொல்லு, இல்லன்னா மதியம் ரெண்டு பேரு பாக்க வராங்க."

பிரேக்கில் இருக்கிறாள் என்றதும் நான் புரிந்துகொண்டது இதுதான்: முன்பு இங்கே இருந்தவள் பிரேக் பாகங்கள் செய்கிற பிரிவில் வேலைக்குப் போய்விட்டாள், ஒருவேளை நான் சேரப்போகிற கம்பெனிக்கே போய் அங்கே பக்கத்தில் அறை எடுத்திருப்பாள். நான் வேறு எப்படிப் புரிந்துகொள்வேன்? ஐந்து வருடமாக என் உலகத்தில் ஷாப்ட், பேரிங், வால்வு. இப்போது பிரேக். மூன்று நாள் தங்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு இறங்கிப் போனார்.

மதியம் சாப்பிடப் போகும்போது மாடிப்படியில் ஒரு பெண் உட்கார்ந்து டிபன் டப்பாவில் தக்காளிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைவிட நான்கைந்து வயது சின்னவள். பரமக்குடிப் பக்கம் என்றாள். வேலை நாளில், எல்லோரும் கம்பெனி லைனில் நிற்கிற நேரத்தில், இவள் மட்டும் ஏன் இங்கே இருக்கிறாள் என்று தோன்றியது.

"எந்தக் கம்பெனிங்க?"

"இப்ப பிரேக்குக்கா."

"நானும் பிரேக்தாங்க. சேரப்போறேன்."

அவள் கை டப்பாவிலேயே நின்றது. "சேரும்போதேயாக்கா?"

"ஆமாங்க. சேரும்போதே அங்கதான் போடறாங்க."

"ஆத்தாடி! இப்படியெல்லாமா பண்றாய்ங்க?" என்றாள். பிறகு மெதுவாக, "உங்களுக்கு எத்தனை நாளு குடுத்திருக்காய்ங்க?"

எனக்குப் பதில் சொல்லக் கொடுத்த அவகாசத்தைக் கேட்கிறாள் என்று நினைத்து, சனிக்கிழமை வரை என்றேன்.

"மூணே நாளா? பரவால்லக்கா. எனக்குப் பத்து. அதுல இன்னைக்கோட மூணு போயிருச்சு."

இவளுக்கும் ஏதோ முடிவு சொல்ல அவகாசம் கொடுத்திருக்கிறார்கள் போல என்று எடுத்துக்கொண்டேன். இருவரும் வேறு வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் ஒவ்வொரு பதிலும் மற்றவளின் கேள்விக்குப் பொருந்திப்போனது. அளவு தவறாக இருந்தும் கேஜுக்குள் சிக்காமல் நுழைந்துவிடுகிற பாகங்கள் உண்டு. அவற்றைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

நான் ஊரைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறேன் என்று கேட்டதும் டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள். "நான் சும்மாதான் இருக்கேன். வாங்கக்கா, காட்டுறேன்."

சும்மா இருக்கிறவர்களைப் பற்றி எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. இருந்தாலும் வழி தெரிந்தவள். கூடப் போனேன்.

ஒரகடத்தில் சாலைகள் அகலம். மதில்கள் முடியவே மாட்டேன் என்றன. புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய நீள லாரிகள் போயின. மனிதர் நடப்பதையே காணோம். நடந்துகொண்டிருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். நான் சேரவேண்டிய தொழிற்சாலையின் வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். காவலாளி கூண்டிலிருந்து எட்டி, "போட்டோ எடுக்காதம்மா" என்றார். என் கையில் போனே இல்லை.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து வாசல்வரை ஐந்து நிமிடம் என்று எச்.ஆர். பெண் சொல்லியிருந்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பதினேழு நிமிடம். நிழல் என்று சொல்ல ஒரு விளம்பரப் பலகை. அதன் நிழலிலும் ஒரு நாய் படுத்திருந்தது.

"அந்தக் கயிறு ஏங்க ரெண்டு நிறம்?" என்று கேட்டேன்.

"நீலம் கம்பெனி ரோலு, நிரந்தரம்க்கா. சிவப்பு காண்ட்ராக்ட். உங்களுக்கு நீலமா சிவப்பா?"

"நீலமாத்தான் இருக்கும்."

"இருக்குமா, இருக்கா?"

என் வேலையைச் செய்கிற ஒருத்தி கேட்கிற கேள்வி அது. கம்பெனியின் பெயரும் சின்னமும் மேலே அச்சிட்ட கடிதம் என் போனில் இருந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் ஹாஸ்டல்களைக் காட்டிக்கொண்டு வந்தாள். "அங்கிட்டு ஒண்ணு இருக்கு, ஜன்னல் பெருசு." "இந்த மஞ்ச பில்டிங்க்கா, தண்ணி இனிக்கும்." "மண்ணூர்ல ரூமே தனியாக் கிடைக்கும், உங்க படிப்புக்கு நீங்க எதுக்கு ஆறு பேரோட கெடக்கணும்?" மூன்றாவது முறை சொன்னபோது எனக்குப் பொறி தட்டியது. ஆள் பிடித்துக் கொடுத்தால் இவளுக்கு ஏதாவது கிடைக்கும். இதற்காகத்தான் சும்மா இருக்கிறவள் வெயிலில் என்கூட நடக்கிறாள். ஜன்னல் பெரிதாக இருந்த ஹாஸ்டலுக்குப் போய்ப் பார்த்தேன். ஜன்னல் உண்மையிலேயே பெரிது. வெளியே பழைய இரும்புக் கிடங்கு. வெல்டிங் பொறி அறைக்குள் வந்து விழுகிற தூரம்.

வெள்ளிக்கிழமை மண்ணூருக்குப் போனோம். ஊருக்குள் நுழைகிற இடத்திலேயே வயலாக இருந்த மனைகளில் வரிசையாக அறைகள் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கதவுக்கும் வெளியே ஒரே மாதிரி நான்கைந்து ஜோடி சேஃப்டி ஷூ. வீட்டுக்காரர் தானும் ஒரு கம்பெனியில் கேன்டீன் பார்ப்பதாகச் சொன்னார். எத்தனை பேர் தங்கப்போகிறோம் என்று கேட்டார். ஒருத்தி என்றதும் அவர் முகம் மாறியது. "தனியாவா? ஏம்மா, வூட்ல யாரும் இல்லியா?" நான் அவரைச் சந்தேகிக்க வந்திருந்தேன். அவர் என்னைச் சந்தேகித்தார். அறை காலி இல்லை என்று முடிந்தது.

வெளியே ஜூஸ் கடையில் உட்கார்ந்தோம். அவளுக்குப் போன் வந்தது. ஒரு கையால் சாத்துக்குடி ஜூஸைக் கலக்கிக்கொண்டே, "லைன்ல நிக்கிறேம்மா. சூப்பர்வைசர் பாக்குறாரு. வச்சிர்றேன்" என்றாள். குரல்கூட மாறவில்லை. வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பெற்றவளிடம் இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்கிறவள் இரண்டு நாள் பழகியவளிடம் என்னென்ன சொல்லியிருப்பாள்? அவள் காட்டியது, சொன்னது எல்லாவற்றையும் மனதுக்குள் மறுபடி சோதனைக்கு எடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஏதோ வாங்கவேண்டும் என்று அவள் கிளம்பிவிட்டாள். நான் தனியாக இன்னும் இரண்டு இடம் பார்த்துவிட்டு, வெயில் இறங்கும்போது ஹாஸ்டலுக்குத் திரும்பினேன். அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. தள்ளினேன்.

அவள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து லாக்கரைத் திறந்துகொண்டிருந்தாள். சாவி தொலைந்துபோனதாகச் சொன்ன லாக்கர். சாவி அவள் கழுத்தில் கிடந்த கறுப்புக் கயிற்றிலேயே இருந்தது. என் பை கட்டில்மேல் இருந்தது. முதலில் பையின் ஜிப்பைத்தான் பார்த்தேன். மூடியிருந்தது.

"என்னங்க பண்றீங்க?"

அவள் பதறவில்லை. ஒரு சோப்பு டப்பாவையும் மடித்த யூனிபார்மையும் வெளியே எடுத்தாள்.

"என் சாமான்க்கா."

"இது என் பெட்டுங்க."

"என் பெட்டுக்கா," என்றாள். "வர்ற வியாழக்கிழமை வரைக்கும் பிரேக். வெள்ளிக்கிழமை நான் வந்துருவேன். அதுக்குள்ள நீங்க படுத்துட்டீங்க."

நான் அப்போதும் புரியாமல், "பிரேக் கம்பெனில இருந்து இங்க எதுக்கு வரணும்?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். யூனிபார்மை முகத்தில் பொத்திக்கொண்டு சிரித்தாள். "காலை வச்சு அமுக்குற பிரேக்குன்னு நெனச்சீங்களா? அய்யோ அக்கா! நான் செல்போன் பாகம் பூட்டுற கம்பெனிக்கா. சிவப்புக் கயிறு."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவள் விளக்கினாள். காண்ட்ராக்டில் எடுக்கிறவர்களுக்குப் பதினோரு மாதம். அது முடிந்ததும் வேலையிலிருந்து எடுத்ததாகக் காட்டி அட்டையை வாங்கிக்கொள்வார்கள். சில நாள் வீட்டிலிருக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் பிரேக். பிறகு புதிதாகச் சேர்ந்ததாக மறுபடி எடுப்பார்கள். எடுக்காமலும் விடுவார்கள். எடுத்தால் முதல் நாளிலிருந்து எண்ணிக்கை. தொடர்ந்து வேலை பார்த்தாள் என்று எந்தக் காகிதத்திலும் இருக்காது. அவளுக்கு இது இரண்டாவது பிரேக். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் வந்துவிடு, மாப்பிள்ளை பார்க்கிறோம் என்பார்கள். ஹாஸ்டலுக்குக் காண்ட்ராக்டரிடமிருந்து வரும் பட்டியலில் பெயர் இல்லாத பெண்ணின் கட்டில் காலி என்று அர்த்தம். இரவு ஷிப்டுக்குப் போகிற இன்னொருத்தியின் கட்டிலில் இவள் இரவில் தூங்குகிறாள். காலையில் அவள் வந்ததும் எழுந்து மாடிப்படிக்குப் போய்விடுகிறாள்.

"அப்ப அந்த ஹாஸ்டலெல்லாம் எனக்குக் காட்டினது..."

"நீங்க வேற எங்கிட்டாவது போனா எனக்கு இது இருக்கும்ல," என்றாள். ஒளிக்கவில்லை. "ஆனா மஞ்ச பில்டிங்ல தண்ணி நெசமாவே இனிக்கும்க்கா."

கமிஷன் என்று நான் நினைத்தது தவறு. ஏதோ காரணம் இருக்கிறது என்று நினைத்தது சரி. அதில் எனக்கு ஒரு அற்பத் திருப்தி வந்ததை மறைக்க விரும்பவில்லை. அது நிமிட நேரம்தான் இருந்தது. அவள் உடனே, "சேரும்போதே பிரேக்குன்னீங்களே, உங்க லெட்டரைக் காட்டுங்க" என்றாள்.

காட்டினேன். ஆங்கிலத்தில் மூன்று பக்கம். அவள் முதல் பக்கத்தைப் படிக்கவே இல்லை. விரலால் மேலே தள்ளிக்கொண்டே கடைசிப் பக்கத்துக்குப் போய், கையெழுத்து இருந்த இடத்தைப் பெரிதாக்கினாள். அங்கே வேறு ஒரு நிறுவனத்தின் முத்திரை இருந்தது, ஆள் அனுப்புகிற நிறுவனம். பிறகு இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்தாள். "இந்தா இருக்குல்ல."

அந்த வரியை நான் ஏற்கனவே படித்திருந்தேன். பதினோரு மாதம் முடிந்ததும் 'சர்வீஸ் பிரேக்' என்று இருந்தது. எங்கள் பம்ப் கம்பெனியில் வருடத்துக்கொருமுறை மெஷின்களை நிறுத்தி எண்ணெய் மாற்றி சர்வீஸ் செய்வார்கள். எல்லோருக்கும் நான்கு நாள் விடுமுறை. அதுதான் இது என்று நினைத்து, வீட்டில் அச்செடுத்து வைத்திருந்த பிரதியில் பென்சிலால் ஒரு டிக் போட்டு, 'நல்லது' என்றும் எழுதியிருந்தேன். ஒரு முடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புகிறவள் நான். ஊரெல்லாம் சந்தேகப்பட்டேன். தண்ணீரை, வாசலை, ஹாஸ்டல் அம்மாவை, இவளை. கையில் இருந்த கடிதத்தை மட்டும் சந்தேகப்படவில்லை. அது அச்சடித்திருந்ததால் இருக்கலாம்.

"என்ஜினியர் வேலைக்குமா இப்படி?" என்றேன்.

"இங்க எல்லாத்துக்கும் கயிறுதான்க்கா. நானும் டிப்ளமோதான். மெக்கானிக்கல்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எச்.ஆர். பெண்ணுக்குப் போன் செய்தேன். கேட்கவேண்டியதை எழுதி வைத்திருந்தேன். மூன்று கேள்விகள். நான் யாருடைய ரோலில் இருப்பேன்? பதினோரு மாதத்துக்குப் பிறகு என்ன? அதற்கு முந்தைய வேலைக் காலம் என்ன ஆகும்?

"ரோல் எல்லாம் ஒண்ணுதான் மேடம். ஒரே கேன்டீன், ஒரே பஸ்."

"கயிறு, மேடம்?"

"ஃபர்ஸ்ட் டைம் எல்லாருக்கும் அவங்க ரோல்லதான் வரும். அப்புறம் பெர்பார்மன்ஸ் பாத்து மாத்துவாங்க."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"அப்படி யாருக்கும் குடுக்கறது இல்ல மேடம்."

"பிரேக்குக்கு அப்புறம்?"

"அது ரெஸ்ட் மாதிரிதான் மேடம். ஒரு வாரம், பத்து நாள். அப்புறம் புது ஜாயினிங்." பிறகு குரலைச் சற்றுத் தாழ்த்தி, "இதெல்லாம் யாரு சொன்னாங்க உங்களுக்கு? நான் சொன்ன ஹாஸ்டல்லதான் இருக்கீங்களா?"

நானே கடிதத்தில் படித்தேன் என்றேன். அந்த மூன்று நாளில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

"சீக்கிரம் சொல்லுங்க மேடம். நெறைய பேரு வெயிட்டிங்ல இருக்காங்க."

அந்த அளவு இயந்திரங்கள் எனக்கு வேண்டும்தான். அதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். அரை மணி நேரம் மொட்டை மாடியில் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். பதினோரு மாதம் அந்த அறையில் கற்றுக்கொண்டு வேறு இடம் தேடலாம் என்றும் யோசித்தேன். ஆனால் வேறு இடத்தில் என்ன நிறக் கயிறு இருக்கும்? ஐந்து வருடம் சேர்த்து வைத்திருந்ததை ஒரு டிக்கோடு தொலைத்துவிட்டு, ஒவ்வொரு வருடமும் அட்டையை நீட்டிக் கொடுக்கிறவளாக என்னை நினைத்துப் பார்க்க முடியவில்லை. சேரவில்லை என்று இரண்டு வரியில் அனுப்பினேன். துணிந்து ஏதோ செய்ததாகத் தோன்றவில்லை. ஒரு கதவை நானே சாத்திக்கொண்டதாகத்தான் இருந்தது.

கீழே போய் ஹாஸ்டல் அம்மாவிடம் கட்டில் வேண்டாம் என்றேன்.

"ஏன், தண்ணி ஜொரமா?"

"வேலையே வேண்டாம்னுட்டனுங்க. அந்தப் பொண்ணு வெள்ளிக்கிழமை வேலைக்குப் போயிருமுங்க. அதுவரைக்கும் அதுக்கே விட்டுடுங்க."

"எந்தப் பொண்ணு?" என்றவர், பிறகு, "அதுவா, நைட்டு இங்கதான் படுத்துகினு கீது, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீது" என்றார். "லிஸ்ட்ல பேரு வந்தா பெட்டு. எடுப்பானுங்களோ இன்னாவோ, யாரு கண்டா? நானும் இத்த வாடகைக்கு எடுத்துத்தான் நடத்துறேன். மதியம் ஆளு வருது." கொஞ்சம் யோசித்தார். "வந்தா இன்னிக்கி மூணாவது மாடி பெட்ட காட்றேன். அவ்ளோதான் என்னால ஆவும்."

பஸ் நிறுத்தம் வரை அவள் கூட வந்தாள். என் பையை அவளே தூக்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று சொன்னதும் நம்பவில்லை. வேறு ஹாஸ்டல் பார்த்துவிட்டேனா, வேறு கம்பெனி கூப்பிட்டதா என்று இரண்டு மூன்று விதமாகக் கேட்டாள். நான் அவளைப் பார்த்த மாதிரியே என்னைப் பார்த்தாள். கடைசியில் நான் அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டினேன்.

படித்தாள். போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"அப்ப அந்த வேலை இப்ப காலியாத்தானக்கா இருக்கு?"

"அதுலயும் பிரேக் வருமுங்க. நீங்கதானே காட்டினீங்க."

"இங்கிட்டுத் திரும்பிப் போனாலும் நான் ஒண்ணாம் நாள்ல இருந்துதானக்கா எண்ணணும்? அதை ஏசி ரூம்ல உக்காந்து எண்ணுனா என்ன?"

நிரந்தரத்திலிருந்து பார்த்தால் அந்தக் கடிதம் ஒரு பள்ளம். அவள் நின்ற இடத்திலிருந்து அது ஒரு படி. என் போனை வாங்கி எச்.ஆர். பெண்ணின் எண்ணை அவளுக்கு அனுப்பினேன். நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றபடியே அவள் அழைத்தாள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு சில அடி தள்ளிப் போனாள். "எஸ் மேடம். டிப்ளமோ மெக்கானிக்கல் மேடம். வெர்னியர், மைக்ரோமீட்டர் எல்லாம் தெரியும் மேடம்." பரமக்குடி அந்தக் குரலில் எங்குமே இல்லை.

சேலம் வழி பஸ் வந்து நின்றது. நடத்துநர் சீக்கிரம் ஏறச் சொன்னார். கடைசிப் பக்கத்துக்கு நேராகப் போன அந்த விரல் ஞாபகம் வந்தது. அந்த வரியை அவள் எனக்காகக் காட்டினாளா, கட்டிலுக்காகவா, அப்போதே இந்த வேலையையும் மனதில் வைத்திருந்தாளா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் ஒளிக்காமல் சொல்லியிருப்பாள் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அவள் பேசிக்கொண்டிருந்தாள். என் பையைப் படியில் வைத்துவிட்டு, போனை மறைத்தபடி, "எப்ப சேர முடியும்னு கேக்குறாங்கக்கா" என்று உதட்டை அசைத்துச் சொல்லிவிட்டு, நான் ஒன்றும் சொல்வதற்குள் திரும்பிக்கொண்டு, "திங்கக்கிழமையே மேடம்" என்றாள்.